நல்ல ஓட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆவாரா? லாஸ்லோ தாபோரியை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: மைல் ஓட்டத்தை நான்கு நிமிடத்துக்குள் முடித்த மூன்றாவது மனிதரான லாஸ்லோ தாபோரி, ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லாமல் ஓய்வு பெற்றவர், பிறகு எப்படிப் பெரிய பயிற்சியாளராகப் பெயர் வாங்கினார்? கடைசி வரியில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறீர்கள். 1500 மீட்டர் ஓடும் உங்களுக்கு 27 வயதாகிவிட்டது, தேசிய அளவுக்குப் போகும் வாய்ப்பு குறைவு, பயிற்சியாளர் ஆகலாமா என்று யோசிக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஓடிக் கற்றது இன்னொருவருக்குப் பயன்படுமா? தாபோரியின் வாழ்க்கை அதற்கு ஏதாவது பதில் சொல்கிறதா? நானும் கல்லூரிக் காலத்தில் 1500 மீட்டர் ஓடியவன். பாட்டியாலாவில் பயிற்சியாளர் டிப்ளமா முடித்துவிட்டுப் பல ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு 800, 1500 மீட்டர் பயிற்சி தருகிறேன். நடுத்தூரத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மாரத்தான் என் துறை இல்லை. அதைத் தொடும் இடங்களில் பதிவேடுகளில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் 3:59.4 ஓடினார். அடுத்த மாதமே ஃபின்லாந்தில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அந்தச் சாதனையை முறியடித்தார். அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வேறு யாரும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. 1955 மே 28 அன்று லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் நடந்த மைல் போட்டியில் ஆங்கிலேயர்கள் எதிர்பார்த்தது, பானிஸ்டருக்கு வேகம் பிடித்துக் கொடுத்த கிறிஸ் சாட்டவேயை. வென்றது 23 வயது ஹங்கேரியர் தாபோரி. நேரம் 3:59.0. அவருக்குப் பின்னால் சாட்டவேயும் பிரையன் ஹியூசனும் 3:59.8 என்று ஒரே நேரத்தில் முடித்தார்கள். ஒரே போட்டியில் மூன்று பேர் நான்கு நிமிடத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை. பானிஸ்டரின் ஓட்டத்தை உலகம் இன்னும் பேசுகிறது, அந்த லண்டன் மைலை அநேகமாக மறந்துவிட்டது. என்னைக் கேட்டால் தடகள வரலாற்றில் இரண்டாவதுதான் பெரிய செய்தி. ஒருவர் தாண்டினால் அது சாதனை. ஒரே நாளில் மூன்று பேர் தாண்டினால், அந்தத் தடை உடம்பில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோகிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று ஆஸ்லோவில் தாபோரியும் டென்மார்க்கின் குன்னார் நீல்சனும் 1500 மீட்டரை 3:40.8-இல் முடித்து உலக சாதனையைச் சமன் செய்தார்கள். அந்தச் சாதனையை ஜூலையில் வைத்திருந்தவர் ஷாண்டோர் இஹாரோஷ். அவரும் ஹங்கேரியர், தாபோரியின் பயிற்சித் தோழர். அந்தக் குழுவில் இன்னொருவர் இஷ்ட்வான் ரோஜவோல்ஜி. 1955 முடியும்போது 1000, 1500, 2000, 3000, 5000 மீட்டர் உலக சாதனைகள் அத்தனையிலும் இந்த மூவரில் ஒருவர் பெயராவது இருந்தது. சிலவற்றில் தனியாக, சிலவற்றில் வேறொருவரோடு பகிர்ந்து. மைல் மட்டும் லாண்டியிடம் இருந்தது. மூவரும் புடாபெஸ்டின் ஹோன்வேத் ராணுவக் கழகத்தில், ஒரே பயிற்சியாளரின் கீழ் ஓடியவர்கள். அவர் பெயர் மிஹாய் இக்லோயி.

உங்கள் கேள்விக்கு இக்லோயி தாபோரியைவிட முக்கியமானவர் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் அவரும் நடுத்தூர ஓட்டக்காரராக இருந்து பயிற்சியாளர் ஆனவர்தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓடினார். தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. தன் நாட்டில் நல்ல ஓட்டக்காரர், உலக அளவில் நடுத்தரம். அப்படிப்பட்டவர் இருபது ஆண்டுக்குள் உலக சாதனைகளை வரிசையாக உடைக்கும் மூன்று பேரை ஒரே மைதானத்தில் உருவாக்கினார். நீங்கள் ஓட்டத்தில் எந்த உயரத்துக்குப் போனீர்கள் என்பது பயிற்சியாளராக எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதைத் தீர்மானிப்பதில்லை. இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இவர்தான்.

அவர் முறையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இக்லோயியின் ஓட்டக்காரர்கள் நீண்ட தூரம் நிற்காமல் ஓடியது மிகக் குறைவு. காலை, மாலை என்று நாளுக்கு இரண்டு முறை, எல்லாமே இடைவெளிப் பயிற்சி. 100, 150, 200, 300, 400 மீட்டர் என்று சிறு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் மெதுவோட்டம். பத்துப் பத்தாகக் கட்டிய தொகுதிகள். இந்த அளவுக்கு மட்டும் என்றால் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வேறு பலரும் இடைவெளிப் பயிற்சி தந்தார்கள். இவர் வேறுபட்டது இரண்டு இடங்களில். ஒன்று, வேகத்தை அவர் விநாடியில் சொல்வதில்லை. இலகுவாக, புத்துணர்ச்சியோடு, நல்ல வேகத்தில், கடும் வேகத்தில் என்று முயற்சியின் அளவை மட்டும் சொல்வார். அந்தந்த அளவுக்குள்ளும் கால்வீச்சு எவ்வளவு தாராளமாக இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. இரண்டு, அன்றைக்கு என்ன பயிற்சி என்பது ஓடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு தொகுதி முடிந்ததும் அவர் உடம்பைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்வார். பக்கத்தில் ஓடுகிறவருக்கு வேறொன்று சொல்வார். பலகையில் எழுதிவைத்த அட்டவணையை எல்லோரும் சேர்ந்து முடிப்பது என்ற வழக்கம் அங்கே கிடையாது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதில் உடலியல் பக்கம் இன்று ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 800 மீட்டரில் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், 1500 மீட்டரில் ஐந்தில் நான்கு பங்கும் ஆக்சிஜனைப் பயன்படுத்தி வருகிறது. ஆகவே நடுத்தூர ஓட்டக்காரருக்கு மூச்சுத் திறன் நிறைய வேண்டும். அதே நேரம் கால்கள் பந்தய வேகத்தின் தாளத்தை மறக்கக் கூடாது. சிறு துண்டு, சிறு ஓய்வு என்று ஓடும்போது இதயத் துடிப்பு கீழே இறங்காமல் வேலை நடக்கிறது. ஒவ்வொரு துண்டும் குறுகியது என்பதால் தசைகள் புளித்துப்போய் ஓட்ட அமைப்பு கெடுவதற்குள் அது முடிந்துவிடுகிறது. ஒரே பயிற்சியில் இரண்டும் கிடைக்கிறது. ஆனால் முயற்சியின் அளவு ஒரு படி தவறினால் எல்லாம் தலைகீழ். இலகுவாக ஓட வேண்டியதை நல்ல வேகத்தில் ஓடினால் பத்து நாளில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்த முறையில் பயிற்சியாளர் மைதானத்தில் இல்லாத நாள் பயிற்சியே இல்லாத நாளுக்குச் சமம்.

இனி 1956. அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் கிளர்ச்சி வெடித்தது. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்தன. நவம்பர் 22 அன்று மெல்போர்னில் ஒலிம்பிக் தொடங்கியது. வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கவலையைச் சுமந்துகொண்டு ஓடியவர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இஹாரோஷ் அங்கே ஓடவே இல்லை. ரோஜவோல்ஜி 1500 மீட்டர் தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். தாபோரி நவம்பர் 28 அன்று 5000 மீட்டர் இறுதியில் ஆறாவதாக வந்தார். மூன்று நாள் கழித்து 1500 மீட்டர் இறுதியில் அயர்லாந்தின் ரான் டெலானி 3:41.2-இல் தங்கம் வென்றார், லாண்டி 3:42.0-இல் வெண்கலம்; தாபோரி 3:42.4-இல் நான்காவது. பதக்கத்துக்கும் அவருக்கும் நடுவில் அரை விநாடிக்கும் குறைவு.

கிளர்ச்சி நடக்காமல் இருந்திருந்தால் தங்கம் அவருக்குத்தான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. முந்தைய ஆண்டு அவர் ஓடிய 3:40.8, டெலானியின் வெற்றி நேரத்தைவிடக் குறைவு என்பதைக் காரணமாகக் காட்டுவார்கள். இதை நான் உறுதியானவற்றின் பட்டியலில் சேர்க்க மாட்டேன். 1500 மீட்டர் இறுதிப் போட்டி கடிகாரத்தோடு ஓடுவது இல்லை. கடைசிச் சுற்றில் டெலானி பாய்ந்த விதம், அன்றைக்கு அங்கே இருந்த யாரையும் வென்றிருக்கும். தாபோரி வேறு சில நாள் முன்புதான் 5000 மீட்டரில் கால்களைச் செலவழித்திருந்தார். அந்த வாரங்களின் மனச்சுமை அவர்கள் எல்லோரையும் பாதித்தது என்பதை மறுக்க முடியாது. எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

போட்டிகள் முடிந்ததும் ஹங்கேரிய அணியில் பலர் நாடு திரும்பவில்லை. தாபோரியும் இக்லோயியும் அமெரிக்கா போனார்கள். இஹாரோஷும் ரோஜவோல்ஜியும் ஹங்கேரியில்தான் வாழ்ந்தார்கள். இந்தப் பிரிவுக்கு ஒரு விலை இருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக் வந்தபோது தாபோரிக்கு 29 வயது. ஹங்கேரிக்காக ஓட முடியாது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாததால் அமெரிக்காவுக்காகவும் ஓட முடியாது. அந்த ரோம் நகரில் 1500 மீட்டர் வெண்கலம் வென்றவர் ரோஜவோல்ஜி. ஒரே மைதானத்தில் தோளோடு தோள் ஓடிய தோழன் மேடையில் ஏறுகிறான், தான் பட்டியலிலேயே இல்லை. 1962-இல் தாபோரி போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து 1967-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.

அந்த ஐந்து ஆண்டு இடைவெளியை உங்கள் நிலைமையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்டால் காட்ட முடியாது. ஆனால் ஓட்டத்தை நிறுத்திய மறுநாளே விசிலைக் கையில் எடுக்கும் பலரிடம் நான் பார்ப்பது, முடிக்க முடியாமல் போன தன் ஓட்டத்தைப் பிள்ளைகளை வைத்து முடிக்கப் பார்க்கும் அவசரம். பந்தயத்தில் பிள்ளை நான்காவதாக வந்தால் தானே நான்காவதாக வந்ததுபோல் முகம் சுருங்கிவிடும். அந்த முகத்தைப் பார்க்கும் பிள்ளை அடுத்த பந்தயத்துக்குப் பயத்தோடு வரும்.

தாபோரி கற்றுத் தந்தது இக்லோயியின் முறையைத்தான். அதே சிறு துண்டுகள், அதே முயற்சிப் படிகள், அதே போல் தொகுதி முடிந்ததும் வாயால் சொல்லும் கட்டளை. இதற்குள் இக்லோயியும் அமெரிக்காவில் தன் முறைக்குப் பலன் காட்டியிருந்தார். அவரிடம் பயின்ற ஜிம் பீட்டி 1962-இல் உள்ளரங்கில் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதரானார். அவரிடம் பயின்ற பாப் ஷூல் 1964 டோக்கியோவில் 5000 மீட்டர் தங்கம் வென்றார். அந்தத் தூரத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரே அமெரிக்க ஆண் இன்றுவரை அவர்தான். இக்லோயி பின்னாளில் கிரீஸில் நெடுங்காலம் பயிற்சி தந்தார்.

ஆக, தாபோரி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்தது, ஆண்கள் ஓடும் மைலுக்காக உருவான ஒரு முறையை யாரும் எதிர்பாராத ஆட்களிடம் கொண்டுபோனது. அவருடைய மாணவர்களில் மிகப் புகழ்பெற்றவர்கள் இருவர், இருவரும் பெண்கள், இருவரும் மாரத்தான் ஓட்டக்காரர்கள். ஜாக்குலின் ஹான்சன் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய மைல் பட்டம் வென்றவர். 1973-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றார். 1974 டிசம்பரில் 2:43:54 ஓடிப் பெண்களுக்கான உலகின் சிறந்த நேரத்தைப் பதித்தார். 1975 அக்டோபரில் யூஜின் நகரில் அதையே 2:38:19 ஆக்கினார். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குள் மாரத்தான் முடித்த முதல் பெண் அவர். இன்னொருவர் மிக்கி கோர்மன். ஜப்பானியப் பெற்றோருக்குச் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், சுமார் ஐந்தடி உயரம், முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஓடவே தொடங்கினார். 1974-இல் பாஸ்டனை வென்று, 1975 தொடக்கத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, 1976-இல் 41 வயதில் நியூயார்க் மாரத்தானை 2:39:11-இல் வென்றார். 1977-இல் பாஸ்டன், நியூயார்க் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார்.

அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டதே 1972-இல்தான். அதே ஆண்டில்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டர் வந்தது. அதற்கு மேல் தூரம் எதுவும் கிடையாது. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984-இல், அதுவும் லாஸ் ஏஞ்சலஸில். அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஹான்சனும் ஒருவர். பெண்களின் உடம்பு நெடுந்தூரத்தைத் தாங்காது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில், தன் மைதானத்துக்கு வந்த பெண்களுக்கு ஆண்களுக்குத் தந்த அதே பயிற்சியைத் தாபோரி தந்தார். கண்டிப்பானவர், கத்துவார் என்று அவரிடம் ஓடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் எண்பது வயதைத் தாண்டியும் அவர் மைதானத்தில் நின்றார், ஓட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 2018 மே மாதம் 86 வயதில் காலமானார்.

உங்கள் கேள்விக்கு இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. தாபோரி 1500 மீட்டர் ஆள், ஐரோப்பிய ராணுவக் கழகத்தில் வளர்ந்த ஆண். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களோ, உடம்பு, வயது, தூரம் எதிலும் அவரைப் போல இல்லாதவர்கள். நாற்பது வயதுத் தாய் ஒருத்தியின் கால்கள் காலை ஆறு மணிக்கு எப்படி இருக்கும் என்று தாபோரிக்குத் தன் அனுபவத்திலிருந்து தெரிந்திருக்க வழியே இல்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஓடிய காலத்தில் அவர் பெற்றதில் பின்னாளில் கைகொடுத்தது, தன்னை ஒருவர் தினமும் இரண்டு வேளை எப்படி உற்றுப் பார்த்தார் என்ற நினைவு. அவருடைய 3:59.0 அந்தப் பெண்களுக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது.

என் மைதானத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். 800 மீட்டர் ஓடும் ஒரு கல்லூரி மாணவி, புல்தரையில் எட்டு 200 மீட்டர். ஒவ்வொன்றும் 33 விநாடி, ஐந்தாவதும் 33. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஐந்தாவதில் வளைவைத் தாண்டி வரும்போது அவளுடைய வலது கட்டைவிரல் முஷ்டிக்குள் மடங்கியிருந்தது. அடுத்ததில் வலது தோள் காதை நோக்கி ஒரு விரற்கடை ஏறியது. நேரம் அப்போதும் 33. அதே நேரத்தை எடுக்க அவள் உடம்பு வேறெங்கிருந்தோ கடன் வாங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தக் கட்டைவிரலைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆறோடு நிறுத்தினேன். மீதி இரண்டையும் ஓடுகிறேன் என்று கெஞ்சினாள், அனுமதிக்கவில்லை. இந்தக் கட்டைவிரலைக் கவனிக்க நான் 1500 மீட்டர் ஓடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓடியிராவிட்டாலும் வருடக்கணக்கில் பார்த்தால் கண்ணில் படும். ஆனால் அவளிடம் என்ன சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்பதில் என் ஓட்டம் உதவியது. 800 மீட்டரில் ஐந்நூறு மீட்டர் தாண்டியதும் வரும் அந்தப் பயத்தை, கால் கனத்து, முன்னால் போகிறவளின் முதுகு விலகத் தொடங்கும் அந்த நேரத்தை அனுபவித்தவர் சொல்லும் வார்த்தையைப் பிள்ளைகள் சீக்கிரம் நம்புகிறார்கள்.

ஆகவே ஓடிய அனுபவம் நிச்சயம் உதவும், ஆனால் அது தகுதிச் சான்றிதழ் ஆகாது. ஓடாமலேயே உச்சத்துக்குப் போன பயிற்சியாளர்களை நினைத்துப் பாருங்கள். செபாஸ்டியன் கோவுக்கு 1500 மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களுக்கு வழிகாட்டிய அவருடைய தந்தை பீட்டர் கோ ஒரு பொறியாளர். 2012 லண்டனில் 800 மீட்டரை 1:40.91-இல் ஓடிய டேவிட் ருடிஷாவின் பயிற்சியாளர் சகோதரர் கோம் ஓ'கானல், கென்யாவின் இட்டன் ஊருக்குப் புவியியல் ஆசிரியராக வந்த ஐரிஷ்காரர். இவர்களுக்குத் தங்கள் சொந்த உடம்பை அளவுகோலாக வைக்கும் வாய்ப்பே இல்லை. ஓட்டக்காரராக இருந்து வருகிறவருக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. நீங்கள் 5000 மீட்டர் பக்கம் சாய்ந்த 1500 மீட்டர் ஆளாக இருந்திருந்தால், 400 மீட்டர் பக்கம் சாய்ந்த 800 மீட்டர் பிள்ளைக்கும் உங்களுக்குப் பலித்த நீண்ட ஓட்டங்களையே தரத் தோன்றும். அவன் மெல்ல மெல்லத் தன் வேகத்தை இழப்பான். உழைப்பு போதவில்லை என்று நீங்கள் அவனைத் திட்டுவீர்கள்.

இக்லோயி, தாபோரி முறையே சிறந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஐயங்கள் நிறைய. 1955-இன் சாதனைகளுக்கு முறை காரணமா, ராணுவக் கழகத்தில் முழுநேரமும் ஓட முடிந்த வசதி காரணமா, ஒரே மைதானத்தில் மூன்று அபூர்வத் திறமைகள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போனது காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்தக் கடும் பயிற்சியில் காயப்பட்டு விலகியவர்களின் பெயர்கள் சாதனைப் பட்டியலில் வருவதில்லை, ஆகவே நாம் பார்ப்பது தாங்கி நின்றவர்களை மட்டும். இதற்கு நேரெதிரான வழியும் பலித்திருக்கிறது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் தன் 800 மீட்டர் வீரரையே வாரத்துக்கு நூறு மைல், மலைப்பாதையில் நீண்ட ஓட்டம் என்று ஓடவைத்தார். ஷூல் துண்டு துண்டாக ஓடித் தங்கம் வென்ற அதே டோக்கியோவில், லிடியார்டின் பீட்டர் ஸ்னெல் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றார். இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மை என்று அடித்துப் பேசுகிறவரிடம் கவனமாக இருங்கள். இரண்டு மைதானத்திலும் பொதுவாக இருந்தது, அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர்.

உங்களுக்கு 27 வயது என்பதால் நடைமுறையாகச் சில வார்த்தைகள். பயிற்சியாளர் ஆகுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் சொந்தப் போட்டிகள் மனதில் மிச்சமிருந்தால் முதலில் அவற்றை ஓடி முடியுங்கள். மாணவர்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டே அவர்களுக்குப் பயிற்சி தருவது முதல் ஆண்டுகளில் வேண்டாம். கூட ஓடினால் அவர்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள், அல்லது அவர்கள் உங்கள் முதுகைப் பார்ப்பார்கள். பாட்டியாலா டிப்ளமாவுக்கு முயற்சி செய்யுங்கள். உடலியலும் காயங்களைப் பற்றிய அடிப்படையும் முறையாகப் படிக்காமல் அடுத்தவர் பிள்ளையின் முழங்காலைக் கையில் எடுக்கக் கூடாது. படிப்புக்கு முன்போ பின்போ, குறைந்தது ஒரு பருவம் முழுக்க ஒரு மூத்த பயிற்சியாளரின் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எப்போது நிறுத்துகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஓடவைக்கிறார் என்பதைப் புத்தகத்திலும் படிக்கலாம். நிறுத்தும் நேரத்தைப் பக்கத்தில் நின்றால்தான் கற்க முடியும்.

தாபோரி முறையை அப்படியே எடுத்து முயலலாமா என்று கேட்டிருந்தீர்கள். வளர்ந்த, சில ஆண்டுகள் சீராக ஓடிய ஆட்களிடம், வாரத்தில் ஓரிரு நாள், புல்தரையோ மண்தரையோ கிடைத்தால் முயலலாம். ஸ்டாப்வாட்சைப் பையிலேயே வைத்துவிட்டு, பத்து 100 மீட்டர் இலகுவாக, பிறகு ஆறு 150 மீட்டர் புத்துணர்ச்சியோடு, நடுவில் மெதுவோட்டம் என்று தொடங்குங்கள். அவர்கள் சொல்லும் இலகுவும் நீங்கள் பார்க்கும் இலகுவும் ஒன்றாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் நாளுக்கு இரண்டு வேளை இடைவெளிப் பயிற்சி கூடவே கூடாது. அந்த வயதில் எலும்பு வளரும் முனைகள் இன்னும் மூடியிருக்காது, ஆர்வத்தில் வலியை மறைப்பார்கள். அவர்களுக்கு ஓடியாடும் விளையாட்டு, சிறு தூர வேகம், கொஞ்சம் தாண்டுதல் போதும். உங்கள் ஊரில் புல்தரை இல்லாமல் தார்ச்சாலைதான் கதி என்றால் அதை எழுதுங்கள், அதற்கு ஏற்றபடி தொகுதிகளைக் குறைத்து எப்படி அமைப்பது என்று தனியாகச் சொல்கிறேன்.